ஆனைக்குட்டத்து மணி

சிவகாசிக் கல்லூரி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய காலம். தான்சானியாவிலிருந்து படிக்க வந்த ஜோசப், மழை வருமுன்பே செல்போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தான். வெயிலில் காயும் வெடிகள் நனையாமல் தப்புமே என்று, ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசுக்கு, எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம், அவனைப் பெருமையாகக் கூட்டிப் போனேன்.

போர்மேன் அண்ணாச்சி சிரித்தார். "செல்லை கேட்லயே வாங்கி வச்சிருவோம் டீச்சர். வெடிமருந்து இருக்கிற எடம்லா. மெசேஜ் வந்தா யாரு பாக்க?"

என் முகம் தொங்கிவிட்டது. ஜோசப் மட்டும் தன் புதுத் தமிழில் கேட்டான்: "அப்ப சாப்பாட்டு நேரம் எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

"மணி அடிப்போம்."

"மழைக்கும் அடிங்க."

மறுவாரமே கேட்டுக்கு வெளியே நிற்கும் வாட்ச்மேனின் செல்லுக்குச் செய்தி வந்தது, மணி அடித்தது. வேலை செய்யும் பெண்கள் காயப்போட்ட வெடிகளை ஓடி ஓடி அள்ளி உள்ளே வைத்த பிறகுதான் தூறல் விழுந்தது. "எம்புட்டுச் சரக்கு தப்பிச்சிருக்கு!" என்று அண்ணாச்சி ஜோசப்பைக் கட்டிக்கொண்டார்.

ஊர் திரும்பிய ஜோசப் அங்கே பல்கலைக்கழக ஆசிரியரானான். சில வருடம் கழித்து மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பினான். மக்காச்சோளம் காயும் களம்; பக்கத்து மரத்தில் ஒரு மணி. கிராமத்துக்கு ஒரு செல்போன் போதுமாம். விளைச்சல் நனையாமல் சந்தைக்குப் போகிறதாம். பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர்: ஆனைக்குட்டம்.

"நம்ம ஊர் பேரையா வச்சிருக்காக?" அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது எந்த மாணவர் புரோகிராம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கேட்டுக்கு உள்ளே இருக்கிறவங்களுக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?"