பேனரில் வெட்டி எறிந்த பாதி

செந்தாமரைக்கு விழுப்புரம் பக்கத்துக் காணையில் கல்யாணம் ஆனது 1993 தை மாதம். மாப்பிள்ளை அப்பாதுரை பட்டாளத்தில் இருந்தான். தாலி கட்டிய பன்னிரண்டாம் நாள் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறிவிட்டான். அந்தப் பன்னிரண்டு நாளில் அவன் அவளை ஒரே ஒரு தடவைதான் அடித்தான், குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு. நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

1995 கடைசியில் லீவில் வந்தவன், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். வடக்கே ஏதோ மலைப்பக்கம். துப்பாக்கியோடு அவன் நிற்கிறான். காலடியில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் மண்டி போட்டிருக்கிறான். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வாயில் இறங்கியிருக்கிறது. அப்பாதுரையின் பூட்ஸ் அவன் தோள்மேல்.

"யாருங்க இது?"

"யாரோ, அந்த ஊர்க்காரன். துப்பாக்கி ஒளிச்சி வெச்சினுகிறான்னு புடிச்சாந்தோம். தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல."

"அப்ப உட்டுட்டீங்களா?"

அவன் சிரித்தான். கேப்பைக் களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கட்டைவிரல் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் கயிற்றால் கட்டி இரண்டு நாள் அடித்தார்களாம். மூன்றாம் நாள் விடியலில் ஓடைக்குக் கூட்டிப் போய் இவனே சுட்டானாம். மரப்பாலத்துக்குக் கீழே, கிழக்கு ஓரமாகப் புதைத்தார்களாம். ஊர்ப் பேரையும் சொன்னான். சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை போடச் சொன்னான். அவள் போட்டாள்.

அந்தக் கட்டு எப்படி இருக்கும் என்பது அடுத்த லீவில் அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவள் கட்டைவிரல்களைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினான். மத்தியானம் முழுக்க அப்படியே கிடந்தாள். இரண்டு நகமும் கறுத்து விழுந்தன. கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது நசுங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

2002இல் பென்ஷனோடு வந்தவன் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் ஆனான். ஒரே மகள் சித்ராவுக்கு 2014 ஆவணியில் விழுப்புரத்தில் கல்யாணம் வைத்தார்கள். டிஜிட்டல் பேனர் வேலையை செந்தாமரையின் தம்பி மகன் ராம்கி ஏற்றுக்கொண்டான். மாமாவைப் பட்டாளக்காரனாகப் போடவேண்டும் என்று டிரங்குப் பெட்டியைக் குடைந்தான். அகப்பட்டது அந்தப் போட்டோதான். பேனர் கடைக்காரன் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்துவிட்டு அப்பாதுரையை மட்டும் மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு நிறுத்தினான். ராம்கி அதோடு விடவில்லை. முழுப் போட்டோவையும் ஃபேஸ்புக்கில் போட்டு, 'எங்க மாமா புலிடா' என்று எழுதினான். பெருமைதான், வேறொன்றும் இல்லை.

பதினொன்றாம் நாள் அதன் கீழே ஒரு பெண் இங்கிலீஷில் எழுதினாள். 'அந்தச் சட்டையைத் தைத்தது என் அம்மா. மண்டி போட்டிருப்பவர் என் அப்பா. 1995இல் வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். எங்கே இருக்கிறார்?' இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். டெல்லியிலிருந்தெல்லாம் பத்திரிகைக்காரர்கள் போன் செய்தார்கள்.

அப்பாதுரை ராம்கியின் பிடரியைப் பிடித்துப் பம்புசெட் தொட்டிச் சுவரில் மோதினான். முன்பல் இரண்டு தண்ணீரில் விழுந்தன.

"உன்ன எவன்டா போடச் சொன்னது?"

"எடுத்துடுறேன் மாமா... இப்பவே எடுத்துடுறேன்..."

எடுத்தும் பயனில்லை. ஒரிஜினலை அப்பாதுரை அடுப்பில் போட்டான். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் பாடம் நடந்தது. போட்டோ பொய், ராம்கி விளையாட்டுக்குக் கம்ப்யூட்டரில் ஒட்டியது. வாய் வீங்கிய ராம்கி ஒத்துக்கொண்டான். நாளைக்கு டிவிக்காரன் வருவான், செந்தாமரையும் சொல்லவேண்டும்.

"கம்ப்யூட்டர்ல ஒட்டினான். சொல்லு."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"காது இன்னா செவுடா? சொல்லுடி."

"அந்தப் பையன் இன்னா பண்ணான்? அவன் மேல எதுக்குப் போடணும்?"

உலக்கை இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தத்தை அவள் தெளிவாகக் கேட்டாள். அவன் முகம் கழுவப் பின்பக்கம் போனதும், கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் திண்டிவனம். பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். சித்ரா கட்டைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்தே அம்மாவின் காயங்களைப் பார்த்தவள்.

"அந்தப் பொண்ணுக்குப் பதில் எழுத முடியுமாடி?"

"முடியும். உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"எடம் தெரியும்."

மருமகன் பிரவீன்குமார் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"வாணாம் அத்தை. பேஜாரா பூடும். மாமாவ உள்ள தள்ளிடுவாங்க. புருஷனக் காட்டிக்குடுத்தவள்னு காணையே பேசும். நீங்க எப்படி அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போவீங்க?"

"போனாத்தான, மாப்ள?"

"அவரு இங்கயே வந்து கொன்னுட்டுப் போவாரு."

"தெனம் கொஞ்சம் கொஞ்சமா நடந்துக்கினு இருக்கிறதுதான். சித்ரா, நீ எழுது."

ஊர்ப் பேர், ஓடை, மரப்பாலம், கிழக்கு ஓரம். செந்தாமரை சொல்லச் சொல்ல சித்ரா போனில் இங்கிலீஷில் தட்டினாள். சுட்டது யார் என்ற இடத்தில் விரல் நின்றது.

"அப்பா பேரப் போடவா?"

"அவருதான சுட்டாரு?"

போட்டாள், அனுப்பினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு வரி வந்தது. சித்ரா அதை இரண்டு தரம் படித்தாள்.

"கடைசியா அவங்க அப்பா ஏதாவது சொன்னாரான்னு கேக்குறாங்கம்மா."

போட்டோ காட்டிய அன்றைக்குச் சிரித்துக்கொண்டே அப்பாதுரை அதையும்தான் சொல்லியிருந்தான்.

"தண்ணி கேட்டாருன்னு எழுது."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கன்னு போடு சித்ரா," என்றான் பிரவீன்குமார். "அதுல இன்னா கெட்டுப்போச்சு? அந்தப் பொண்ணு கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்."

"குடுக்கலன்னு எழுது," என்றாள் செந்தாமரை. "ராம்கி எதையும் ஒட்டலன்னு எழுது. இதெல்லாம் சொன்னது காணை செந்தாமரை, அப்பாதுரை பொண்டாட்டின்னு கீழ என் பேரப் போடு."

பிரவீன்குமாரின் போன் அடித்தது. மாமா என்று காட்டியது. அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான்.

"குடுங்க மாப்ள, நானே சொல்றேன்," என்று அவள் நல்ல கையை நீட்டினாள்.