கழற்றிய இரண்டு தட்டுகள்

என்னால் ஒரு மனிதர் வேலையை இழந்தார். பாலில் தண்ணீர் கலக்க விட்டவர் என்று ஊரில் பெயர் வாங்கினார். அவர் மேல் குற்றமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் இயந்திரப் பொறுப்பாளராக இருந்தேன். சுற்று ஊர்களிலிருந்து கேன்களில் வரும் பாலைக் குளிரவைத்து, டேங்கர் லாரியில் ஆலைக்கு அனுப்புவது எங்கள் வேலை. சில்லர் என்று நாங்கள் சொல்லும் குளிரவைக்கும் இயந்திரம் வெளிநாட்டில் செய்தது. நெளிவு நெளிவான மெல்லிய எஃகுத் தட்டுகளை வரிசையாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம் பால் ஓடும், மறுபக்கம் ஐஸ் தண்ணீர் ஓடும். ஒன்றையொன்று தொடாமலே பாலின் சூடு தண்ணீருக்குப் போய்விடும். ஓரங்களில் கசியாமலிருக்கத் தட்டைச் சுற்றி ரப்பர் பட்டை.

முதலில் அந்தப் பட்டைகள்தான் வெடித்தன. இயந்திரத்தை விற்றவர்களுக்கு எழுதினேன். இறக்குமதி லைசென்ஸ் வேண்டும், ஒரு வருடம் ஆகலாம் என்று பதில் வந்தது. காலையில் கறந்த பால் மத்தியானம் வரை தாங்காத வெயிலில், ஒரு வருடத்துக்கு எங்கே போவது? மலைக்கு அப்பால் கேரளத்தில் ரப்பர்ப் பட்டறைகள் உண்டு என்று எங்கள் பால் பரிசோதகர் சொன்னார். ராசிங்காபுரத்துக்காரர். கேன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பால்மானியை மிதக்கவிட்டு, நல்லது கெட்டது சொல்லி இறக்குவது அவர் பொறுப்பு. ஒரு பழைய பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போனோம். ஒரு அம்மாள் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏப்பு, யாருக்கு இந்தக் கறுப்பு மாலை?"

"எங்க பாலுக்குக் கல்யாணம் ஆத்தா. மாப்ள ஐஸ் தண்ணி. ஆனா ரெண்டும் தொட்டுக்கிறக் கூடாது" என்றார் பரிசோதகர்.

"தொட்டுக்கிறாம என்ன எழவுக் கல்யாணம்?"

ஜீப்பே சிரித்தது. அடுத்த வளைவில் அவள் வாந்தி எடுத்தபோது இவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டறைக்காரர் அதேபோல் வார்த்துக் கொடுத்தார். பட்டைகள் நன்றாக உழைத்தன. ஆலையிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம்தான் என்னைக் கெடுத்தது. அடுத்த ஆண்டு தட்டுகளும் தேய்ந்தபோது, அவற்றையும் உள்நாட்டிலேயே வாங்கிக் காட்டுகிறேன் என்று நானாகவே எழுதினேன். மாதக்கணக்கில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். பலர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நெளிவு எங்களுக்கு வராது என்று கையை விரித்தார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர்.

"அச்சு புதுசுங்க சார். மொதல்ல நாலு தட்டு போட்டு ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க. ஒழுங்கா இருந்தா மிச்சத்தச் செய்யலாம்" என்றார்.

ஆறு மாதம் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. எல்லாத் தட்டுகளையும் ஒரே தடவையில் வாங்கி மாட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் டேங்கர் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று ஆலையிலிருந்து புகார் வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு தினமும். மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வாங்குறப்ப நல்ல பாலு சார். ஒவ்வொரு கேனும் நான் பாத்து எறக்கினது" என்றார் பரிசோதகர்.

மேலாளர் என்னைப் பார்த்தார். "சில்லர்ல எதுவும் இருக்குமா?"

"புதுத் தட்டு சார். அதுல ஒண்ணும் இருக்காது" என்றேன். அந்த நிமிடம் அதை நம்பித்தான் சொன்னேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பால் ஏற்றி முடித்ததும், ஒரு சந்தேகத்தில் பால் குழாயைக் கழுவிக் காலியாக்கிவிட்டு ஐஸ் தண்ணீரை மட்டும் ஓடவிட்டேன். பால் குழாயின் வாயில் தண்ணீர் சொட்டியது. அடுக்கைப் பிரித்து ஒவ்வொரு தட்டாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தட்டுகளில், நெளிவு திரும்பும் மூலையில் மயிரிழை விரிசல். அதன் வழியாக வெயில் தெரிந்தது.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், அன்றே அந்த இரண்டையும் கழற்றிவிட்டு மற்றவற்றை இறுக்கினேன். கழற்றியவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். திங்கட்கிழமை காலை, பரிசோதகரை வேலையை விட்டு நிறுத்தும் உத்தரவு வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, "வர்றேன் சார்" என்றார். நான் எதையோ எழுதிக்கொண்டிருப்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து பாலில் தண்ணீர் இல்லை. அதைவிட வேறு சாட்சி யாருக்கு வேண்டும்? அவர் போனார், தண்ணீர் நின்றது. ராசிங்காபுரத்தில் அவர் டீக்கடைக்கு வந்தால், "வருணபகவான் வர்றாரு, கொடையப் பிடிங்கடா" என்றார்களாம். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஐந்து வருடம் அதைச் சுமந்தேன் என்று எழுதினால் அது பொய். பல நாள் நிம்மதியாகவே தூங்கினேன். பிறகு ஒருமுறை, புதிதாக வந்த இளம் பொறியாளர் மீதித் தட்டுகளைச் சோதித்து, இன்னொன்றில் விரிசல் கண்டுபிடித்து, ஓடிவந்து எல்லார் முன்னாலும் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தினார்கள், மாற்றினார்கள், முடிந்தது. யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அந்த வாரமே பரிசோதகரைத் தேடி மலைக்கு ஜீப் ஏறினேன்.

போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் அவரைக் கண்டேன். முதுகில் மூட்டையோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நான் போனதும் தண்ணி நின்னுருச்சுன்னாங்கள்ல சார். அப்ப எங்கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "இங்க ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல காய் பதம் பாக்குற வேலைக்குக் கூப்பிட்டாக. மாட்டேன்னுட்டேன். எதப் பாத்தாலும் சரிதானான்னு சந்தேகம். மூட்டைன்னா பாக்க வேண்டியதில்ல, தூக்குனாப் போதும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"இத எங்க ஊர்ல வந்து சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். கம்பெனிக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "செத்த பாம்ப எதுக்கு சார் அடிக்கிறீங்க?" என்றார் புது மேலாளர். விடாமல் நின்று, பரிசோதகர் மேல் குற்றமில்லை என்று ஒரு கடிதம் வாங்கினேன். என் ராஜினாமாவையும் அதோடு கொடுத்தேன்.

ராசிங்காபுரம் பால் சங்கத்தில், காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கடிதத்தைப் படித்தேன். செய்தது நான் என்பதையும் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா அவன வருணன்னு கூப்பிட்டமே, இனி யாரக் கூப்பிடறது?" என்றார் ஒருவர்.

"அதான் சட்டை போட்டு, கடுதாசியோட நிக்கிறாருல்ல" என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அவுக அப்பன், மகந்தான் தப்புப் பண்ணுனாங்கிற நெனப்புலயே செத்துப்போனாருய்யா. அவருகிட்ட யாரு போயிப் படிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தன் தூக்குவாளியை முன்னால் நகர்த்தினார்.

அடுத்த தை மாதம் சங்கத்தார் மலையிலிருந்து பரிசோதகரைக் கூப்பிட்டு, பால் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தார். கேள்விப்பட்டு ஒரு காலை நேரத்தில் போனேன். சங்கத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் புளியமரத்தடியில் நின்றேன். அவர் பால்மானியை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார். எடுத்துத் துடைத்தார். மறுபடி மிதக்கவிட்டார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் அப்படியே.

"வெரசாப் பாருங்கண்ணே, காட்டுல சோலி கெடக்கு" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"இருத்தா, இன்னொருக்கப் பாத்துக்கிறேன்" என்றார்.

சாலையைக் கடக்க எனக்குத் துணிவில்லை. அடுத்த பஸ்சில் ஏறிப் போடிக்குத் திரும்பினேன்.