ஆல்ப்ஸ் மலையில் ராகு காலம்

இந்த ஊருக்கு வந்த முதல் நவம்பரில், தொழிற்சாலைக் கேன்டீனில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பராமரிப்புப் பிரிவுத் தலைவர் கிளெமென்ஸ் என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்றைக்கு மூன்று" என்றார். ஒரு வணக்கம்கூட இல்லை. சென்னையை ஒட்டிய ஒரகடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு மூன்று என்றால் ஒரே அர்த்தம்தான், தேர்டு ஷிப்ட். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி மாற்றலாம் என்று நேராக அவர் மேசைக்கே போய், எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்துச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். அங்கே மலை நின்றது. "உனக்கு இல்லை, அதற்கு" என்றார்.

நான் இருப்பது ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கி உட்காரவைத்த மாதிரி ஒரு சிற்றூர். குளிர்காலத்தில் இங்கே மழை அறிவிப்பு போலவே பனிச்சரிவு அறிவிப்பும் தினமும் வரும். ஒன்று என்றால் ஆபத்து குறைவு, ஐந்து என்றால் வீட்டை விட்டு நகராதே. பனிச்சரிவை இவர்கள் 'லவீனெ' என்கிறார்கள். கேட்க ஏதோ இனிப்புப் பலகாரத்தின் பெயர் போல இருக்கும், ஆளை மூடினால் கால் மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ஒரகடத்தில் கம்பெனி பஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பது போல இங்கே எல்லோரும் அந்த எண்ணை விசாரித்துக்கொள்கிறார்கள்.

மலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் என்னுடையதுதான். இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு, ஒரகடத்துப் பக்கம் மண்ணூரில் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்ப்பது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் அமாவாசைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒருமுறை சதுரகிரி ஏறியிருக்கிறேன். பாதி தூரம் நடந்தேன், மீதி தூரம் புலம்பினேன். அதை நம்பி 'மலையேற்றம்' என்று எழுதிவிட்டேன். கிளெமென்ஸ் அதைப் படித்திருக்கிறார். அறுபதை நெருங்கும் மனிதர், மலைப்பைத்தியம். "நம் மாரி ஒரு மலையேறி" என்று பிரிவு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் பனி விழுந்ததும், மலைக்குப் போவதற்கு முன் பயிற்சி கட்டாயம் என்று ஒரு நாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். துணைக்கு வந்தவர் பார்பரா, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரர், கேன்டீனில் என் எதிர் மேசை. நெஞ்சில் ஒரு சிறிய ரேடியோ கருவியைக் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துபோனால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, சத்தம் வரும் திசையில் ஓடிப்போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். பயிற்சிக்காக ஒரு பையில் கருவியை வைத்துப் பனிக்குள் புதைத்திருந்தார்கள். நான் மட்டும் தேடும் நிலைக்கு மாற்ற மறந்துவிட்டேன். ஆகவே பன்னிரண்டு பேரின் கருவிகளும் என்னையே காட்டின. புதைந்தவன் கண்முன்னால் நின்று சிரிக்கிறானே என்று அத்தனை பேரும் கம்பியும் கையுமாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த வகுப்பில் சொன்ன இரண்டு விஷயங்கள் மனதில் தங்கின. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவுதானே என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம் என்றார்கள். அக்டோபரில் விழுந்த பனி, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் மட்டும் உருகாமல் கிடக்கும். குளிர்ந்த நாட்களில் அது சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதைப் பலகைபோல் இறுக்கிவிட்டால், உதிரியின்மேல் பலகை. ஆள் கால் வைத்தால் போதும், மொத்தமும் சறுக்கிவிடும். மற்ற இடங்களில் புல் தெரியும்போது நடக்கத் தோதாகப் பனி இருப்பதும் அதே இடங்களில்தான், ஆகவே ஆளும் சரியாக அங்கேதான் போவான். இது ஒன்று. இரண்டாவது, குழுவில் யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இதைக் கேட்டபோது நான் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். காரணத்தோடு சொல்லவே வாய் வராதவனிடம் போய், காரணம் இல்லாமல் சொல்லலாம் என்கிறார்களே!

வாய் வராதது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு சின்ன தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஆள். பக்கத்துப் பென்னலூர்க்காரன் ஏழுமலை, தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மிஷினில் நின்றான். என் வயதுதான். நான் வந்த புதிதில் அவன் பேசியது பாதி எனக்குப் புரியாது, நான் பேசியது அவனுக்குச் சிரிப்பாக வரும். "எங்க நெலத்து மேலயே நின்னுகினு எவனுக்கோ ஷிப்ட் பாக்கறேன்டா" என்று காம்பவுண்டு சுவரைக் காட்டிச் சொல்வான். அவன் மிஷினில், கை உள்ளே போனால் தானாக நிறுத்திவிடும் சென்சார் ஒன்று உண்டு. ஒரு நாள் அது காரணமில்லாமல் மிஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. எண்ணிக்கை குறைகிறது, இந்த ஒரு ஷிப்டுக்கு அதைக் கழற்றிவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். தப்பு என்று எனக்குத் தெரியும். வெளியூர்க்காரன், வேலைக்குப் புதியவன், ஒப்பந்தத் தொழிலாளி என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டு கழற்றினேன். டீ நேரத்துக்கு முன்னாலேயே ஏழுமலையின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு அவன்தான் பேசினான். "இன்னாடா மாரி, உண்மைய சொல்ல பயமா இருந்தா ஒரு பொய்யாவது சொல்லிகீலாம்ல? ஒயரு எரிஞ்சிட்ச்சி, ஸ்பேரு இல்ல, இன்னா வோணா சொல்லி மிஷின நிறுத்திகீலாம். வாய்ல இன்னா, கொயக்கட்டையா வெச்சினு இருந்த?" சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கை ஆறியதும் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் நான் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட ஆரம்பித்தேன். நல்ல சம்பளத்துக்காகப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, கிளெமென்ஸ், பார்பரா, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். அன்றைய எண்ணும் மூன்று. அவர்கள் இருவருக்கும் பனிச்சறுக்குக் கட்டைகள், எனக்கு மட்டும் காலில் கட்டிக்கொள்ளும் அகலமான பனிச்செருப்பு. வாத்துக்கு உறவுக்காரன் போல நடந்தேன். அடிவாரத்தில் புல் பழுப்பாகக் கிடந்தது. இதிலே என்ன லவீனெ என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஏறியபின், வெயில் எட்டாத ஒரு வடக்குச் சரிவின் ஓரத்துக்கு வந்தோம். அங்கே மட்டும் பனி வழவழவென்று நிறைந்திருந்தது. அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் உச்சி.

கிளெமென்ஸ் முன்னால் இரண்டு எட்டு வைத்தார். அப்போது என் காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதைவிட, பாதத்தில் ஏறியது என்று சொல்ல வேண்டும். பக்கத்து லைனில் பெரிய பிரஸ் ஒரே ஒரு அடி அடித்த மாதிரி, "ஹும்ப்". வகுப்பில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள், பலகைக்கு அடியில் உதிரிப்பனி நொறுங்கும் சத்தம். கிளெமென்ஸும் நின்றார். "பனி அமர்கிறது. மொத்தமே கொஞ்சம் பனிதான். ஒவ்வொருவராகக் கடப்போம்" என்றார். நான் பார்பராவைப் பார்த்தேன். அவர் தன் கையுறையைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது பத்து.

"நான் இப்போது வர முடியாது. எங்கள் ஊரில் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்" என்றேன்.

வாய்தான் பேசியது, நான் பேசவில்லை. "ராகு என்றால்?" என்றார் கிளெமென்ஸ். சூரியனை விழுங்கும் பாம்பு என்றேன். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லை. "வானிலை அறிவிப்பில் இது இல்லையே" என்றார். எங்கள் அறிவிப்பில் உண்டு, தினமும் காலண்டரிலேயே போட்டிருக்கும், அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்றேன். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

மனுஷன் பின்வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ மிகுந்த மரியாதையோடு தலையசைத்து, "நல்லது, உங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம். பத்தரை வரை காத்திருந்து, பிறகு கடக்கலாம்" என்று பையை இறக்கி வைத்துவிட்டார். ஐயோ என்றிருந்தது. அடுத்த பொய்க்குக் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரைக்குத்தான். நடுவில் மூன்று மணி நேரம் சும்மா கிடக்கிறது. கெட்ட நேரத்தைக்கூட அடுத்தடுத்து வைக்கவில்லையே நம் முன்னோர் என்று நொந்துகொண்டேன். இதிலே இன்னொரு சந்தேகம் வேறு. ராகு இங்கத்திய மணிக்கு வருவாரா, இந்திய மணிக்கு வருவாரா? இந்தியாவில் அப்போது பகல் ஒன்றே முக்கால்.

கால் மணி நேரத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. "சும்மா நின்றால் உறைந்துபோவோம், குழி தோண்டிப் பார்ப்போமா?" என்றார் பார்பரா. ஏதோ உடம்பைச் சூடாக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். சரிவுக்குள் போகாமல், அதே திசை பார்த்த ஒரு சின்ன மேட்டில் மூன்று பேரும் மாறி மாறித் தோண்டினோம். ஒரு மீட்டர்கூட இல்லை, மண்வெட்டி கல்லில் இடித்தது. பனியை ஒரு மேசை அகலத்துக்குத் தனியாக அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து கிளெமென்ஸ் விரல் நுனிகளால் மெதுவாகத் தட்டினார். முதலில் மணிக்கட்டால் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, கடைசியில் தோளிலிருந்து பத்து, அப்படித்தான் கணக்கு. மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி முழுசாக, மேசை டிராயரை இழுத்தது போலச் சறுக்கி, குழிக்குள் உட்கார்ந்திருந்த என் மடியில் வந்து விழுந்தது.

கிளெமென்ஸ் முட்டி போட்டு, அடியில் இருந்த பனியைக் கையில் அள்ளினார். சீனி போல விரலிடுக்கில் ஒழுகியது. "இருபது வருஷமாக இந்த வழியாகப் போகிறேன்" என்று மட்டும் சொன்னார். பார்பரா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராகு முடிய இன்னும் பத்து நிமிஷம்" என்றார். "அவர் முடித்துக்கொள்ளட்டும், நாம் இறங்குவோம்" என்று கிளெமென்ஸ் எழுந்தார். ஏறிவந்த தடத்திலேயே, சரிவு குறைந்த முகடு வழியாக, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்கினோம்.

கார் நிறுத்திய இடத்தில் தேநீர் குடிக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. "நான் ராகு காலமெல்லாம் பார்க்கிறவன் இல்லை. அந்தச் சத்தம் கேட்டதும் பயந்துவிட்டேன்" என்று உடைத்துவிட்டேன். கிளெமென்ஸ் கோப்பைக்குள் பார்த்தபடி, "எனக்கும் கேட்டது. உச்சி பக்கத்தில் இருந்தது, அதனால் கேட்காத மாதிரி இருந்தேன்" என்றார். பார்பராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன்" என்றார். பிறகு மூவரும் சூப் குடிக்கப் போனோம். சதுரகிரி விஷயத்தையும் அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அந்தச் சரிவு பிறகு விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பெய்த பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாங்கள் கடந்திருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். இதுதான் இந்த விஷயத்தில் உள்ள கஷ்டம், திரும்பி வந்தவனிடம் சாட்சி இருக்காது. தொழிற்சாலையில் மட்டும் ராகு பிரபலமாகிவிட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக் கூட்டம் ராகு காலத்தில் வருவதை யாரோ கண்டுபிடித்து, ஒன்பது மணிக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள். அந்த யாரோ பார்பராதான்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள், ஞாயிறு காலை ஏழுமலையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அங்கே நான்கு நாளாக விடாத மழை. மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ரோட்டுல தண்ணியாடா?"

"ஏரி நெறஞ்சி ரோட்டு மேல போயினு கீது. முட்டி வரிக்கும்தான். பைக்ல பூட்டு வந்துருவேன்."

"முட்டி வரைக்கும் மேல தெரியுது. அடியில என்ன கெடக்குன்னு தெரியுமா?"

"அடியில ரோடு கீது. வேற இன்னா கீது?"

நான் கத்தினேன். மலையில் வராத குரல் எல்லாம் அப்போது வந்தது. பள்ளம் தோண்டிப் போட்டிருப்பார்கள், இழுத்துக்கொண்டு போகும், போகாதே என்று மூச்சுவிடாமல் கத்தினேன். "சரிடா, கத்தாத. பைக் வோணாம். மேட்டு வழியா கம்பெனி பஸ்ல போறேன், போதுமா? இரு, வூட்ல சொல்லிட்டு வரேன்" என்று போனைக் கட் பண்ணாமல் எங்கோ வைத்துவிட்டுப் போனான்.

நானும் கட் பண்ணவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. பனி பெய்வதற்குச் சத்தம் கிடையாது. வலது காதில் பென்னலூர் மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. இடது காதில் ஒன்றுமே இல்லை. அவன் திரும்பி வரும்வரை அப்படியே நின்றேன்.