இறங்காத சோறு

எழுபதுகளில், ரிங்லெட் மலைச் சாலையில் தேயிலை ஏற்றிய லோரி கவிழ்ந்து என் கணவர் இறந்தார். நான் அழவில்லை. சில வாரங்களில் சோறு தொண்டையில் இறங்காமல் நின்றது. லோரிச் சத்தம் கேட்டாலே மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்றார்கள்.

அதே விபத்தில் உயிர் தப்பிய அவருடைய தம்பி ஒரு மாலை வீட்டுக்கு வந்தார்.

“அண்ணி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாருன்னு நீங்க கேட்கவே இல்லையே.”

“வேணாம் தம்பி, போயிடுங்க லா.”

கதவைச் சாத்தப் போனேன். அவர் நகரவில்லை.

“‘அவ பயந்துடுவா, மெதுவா சொல்லு’ன்னாரு அண்ணி.”

நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டினர் ஓடிவந்தார்கள். வெகுநேரம் அழுதேன்.

அதன்பின் தம்பி அடிக்கடி வந்தார். இறந்தவரைப் பற்றியே பேசுவோம். முதலில் கஞ்சி இறங்கியது, பிறகு சோறு. லோரியில் ஏறத்தான் இரண்டு வருடமானது.