அவரைக்காய் கெடுத்த காரியம்

சிறுவயதில் நான் ஒரு டப்பாவுக்காகப் பட்டினி கிடக்கத் துணிந்தேன். பாலில் கலக்கிக் குடித்தால் பிள்ளைகள் மளமளவென்று வளர்வதாக டிவியில் காட்டுவார்களே, அந்தச் சாக்லெட் மாவு டப்பா. கன்னடம் பேசும் ஈஜிபுராவில் எங்கள் வீட்டு எதிர்க்கடையில் மேல்தட்டில் இருந்துகொண்டு அது தினமும் என்னைப் பார்க்கும்.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் உடம்பைப் பார்த்தார்கள். என்னை எடை பார்த்த நர்ஸ், என் அம்மாவை வரச்சொன்னார். "ஏனம்மா, பிள்ளைக்கு ஊட்டா, சாப்பாடெல்லாம் சரியா குடுக்கறதில்லையா? வெயிட்டும் கம்மி, ரத்தமும் கம்மி. முட்டை, பால், பழம் குடுங்க. சங்கராந்தி கழிச்சு மறுபடி பாப்பேன். அப்பவும் ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மாவும் சித்தியும் கார்மெண்ட்ஸில் தைத்துக் கொண்டுவரும் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் மாதக்கடைசியைத் தொடும். எனக்கோ நல்ல சமயம் வாய்த்ததாகத் தோன்றியது. டப்பாவைக் கேட்டேன்.

"மொதல்ல நம்ம சாப்பாட்டுலயே பாக்கலாம்டி. சங்கராந்திக்குள்ள வெயிட்டு ஏறலன்னா எப்படியாவது அந்த டப்பாவ வாங்கித் தரேன்" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

என் கெட்ட நேரம், அது மொச்சைபோல் கொட்டை பருத்த அவரைக்காய் சீசன். தெருவெல்லாம் தள்ளுவண்டிகளில் மலையாகக் குவித்துக் கொட்டிக்கொடுக்கும் விலையில் விற்றார்கள். அம்மா பை நிறைய வாங்கிவந்தாள். உரித்துக் காலையில் ஊறப்போட்ட கொட்டைகளைச் சாயங்காலம் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பிதுக்குவோம். இரண்டு விரலால் அமுக்கினால் தோல் கையில் நிற்க, பருப்பு துள்ளிக் குதித்து ஓடும். சித்தி வேண்டுமென்றே குறிபார்த்து என் மூக்கில் அடிப்பாள். நான் அவள் கொண்டையில் அடிப்பேன். "ஏய், பருப்பு வேஸ்ட்டாகுது!" என்று அதட்டும் அம்மாவும், நாங்கள் அசந்த நேரத்தில் எங்கள் மேல் ஒன்றைப் பறக்கவிடுவாள். கட்டிலுக்கடியில் ஓடிய பருப்பைப் பொறுக்குவதற்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வலித்த வயிறு பசிக்கவும் செய்யும், அங்கேதான் நான் கெட்டேன்.

ராகிக் களியும் பிதுக்குப்பருப்புக் குழம்பும் தட்டில் விழும்போது, இன்றைக்குப் பாதிதான் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்காருவேன். கை பேச்சைக் கேட்காது. காலையில் அவரைக்காய் உப்புமா, மதியம் டிபன் டப்பாவில் அவரைக்காய்ச் சாதம், கூடவே ஒரு கீரை. நாளைக்குப் பட்டினி என்று சபதம் எடுத்தபடியே தட்டை வழித்து நக்குவேன். இப்போது எழுதும்போதும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

சங்கராந்தி கழிந்தது. எடை பார்க்கும் நாளில் அம்மாவும் கூட வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றினேன், ஷூவைக் கழற்றினேன், தலையிலிருந்த கிளிப்பைக்கூட எடுத்துவிட்டேன். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மெஷின்மேல் ஏறி நின்றேன்.

நர்ஸ் முள்ளைப் பார்த்தார், என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "அடடே, நல்லா ஏறியிருக்கே! கண்ணுலயும் ரத்தம் தெரியுது. இனி பயமில்ல. என்னம்மா குடுத்தீங்க?"

"அவரேகா சிஸ்டர். தெனமும் அவரேகாதான்" என்றாள் அம்மா.

நான் ஓவென்று அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் அந்த டப்பாமேல் ஆசை இருந்திருக்கிறது என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. வீடு திரும்பும் வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, அடுத்த வருஷம் நான் ஒழுங்கா இளைச்சிக் காட்டறேன்" என்று தேற்றினேன்.

அம்மா நடுத்தெருவில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு, அழுத கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்க நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.