குளிர்ந்த குழலின் முதல் குண்டு

ஹால்டிஸ் பள்ளிப் பேருந்தை வளைவில் திருப்பும்போது இண்டிகேட்டர் 'டிக், டிக்' என்று அடிக்கும். மூன்று வருஷமாக அவள் காதில் அது இண்டிகேட்டராக விழவில்லை. துருவமான் நடக்கையில் குளம்புக்கு மேலே நரம்பு எலும்பில் வழுக்கி இதே சத்தம் எழும். பனிமூட்டத்தில் மந்தை கண்ணில் படும் முன்னால் அந்தச் சத்தம்தான் வரும். ஆனால் அவளுக்குக் கேட்பது மந்தை இல்லை. ஒரே ஒரு மான். மூன்று அடி சரியாக விழும், நாலாவது சற்றுப் பிந்தி விழும். ஒருநாள் இண்டிகேட்டரே போடாமல் திருப்பிப் பார்த்தாள். பின்னால் வந்த பால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டதுதான் மிச்சம். சத்தம் நிற்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவள் பேருந்துக்காரி. பெரியவர்களுக்குச் சுடுதளத்துக்காரி. கோடையில் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வேட்டைக்காரர்களுக்குத் தேர்வு வைப்பாள். நூறு மீட்டர் தள்ளி மான் உருவம் வரைந்த தட்டி நிற்கும். அதன் நெஞ்சில் ஒரு வட்டம். ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழுந்தால் அட்டையில் கையெழுத்துப் போடுவாள். அது இல்லாமல், வேட்டை தொடங்கும் ஆகஸ்ட் இருபதாம் தேதி மலை மேட்டுவெளிக்கு ஏற முடியாது.

முழங்கால் வலிக்க ஆரம்பித்த வருஷம் பழைய துப்பாக்கியை விற்றுவிட்டு, இரண்டரைக் கிலோகூட வராத ஒன்றை வாங்கினாள். குழல் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். அவளுடைய வேட்டைக் குழுவில் மூத்தவன் குட்மண்ட். இருபது வருஷமாகச் சேர்ந்து மலையேறுகிறவன். அவன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.

"மலைக்கு மீன் பிடிக்க வர்றியா? தூண்டில் மாதிரியில்ல இருக்கு."

"உன் பீரங்கிய நீயே சுமந்துக்கோ. போன வருஷம் மேல ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காந்தது யாரு?"

"நான் காட்சி பாக்க உக்காந்தேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

அந்த வருஷம் செப்டம்பரில், ஏரிக்கு மேலே உள்ள மேட்டில், இருநூறு மீட்டர் தூரத்தில் அவள் ஒரு பெட்டை மானைச் சுட்டாள். பையை அண்டக் கொடுத்து, படுத்து, மூச்சை விட்டு நிதானமாகத்தான் சுட்டாள். மான் இடப்பக்கம் பார்த்து நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி. வெடித்ததும் மந்தை கலைந்தது. அந்த மான் மட்டும் ஒரு கணம் முதுகை வில்லாக வளைத்தது. வயிற்றில் குண்டு பட்ட மான் அப்படித்தான் வளையும். இதை எத்தனை பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

வாக்கிடாக்கியில் குட்மண்ட் கேட்டான். "சத்தம் கேட்டுச்சே, என்னாச்சு?"

"தவறிடுச்சு," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அதை அவள் தன்னையே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். தூண்டில் என்று சிரிப்பார்கள் என்றா? ஊருக்கே தேர்வு வைப்பவள் வயிற்றில் சுட்டாள் என்று பேர் வரும் என்றா? இல்லை, வெடிச் சத்தத்தில் துள்ளியதுதான் என்று அந்த நொடியில் உண்மையாகவே நம்பினாளா? 'பட்டுவிட்டது' என்று சொல்லியிருந்தால் எல்லோரும் வேட்டையை நிறுத்தியிருப்பார்கள். அடிபட்ட மானைத் தேடிப்போகும் ஆஸ்லாக் தன் மோப்ப நாயோடு வந்திருப்பாள். அவள் அன்றைக்குப் பக்கத்துக் குடிலில்தான் இருந்தாள். ஹால்டிஸ் தனியாக இரண்டு மணி நேரம் தேடினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயிற்றில் பட்டால் பெரும்பாலும் ரத்தம் வெளியே வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போனாள், சுடவில்லை. தோதான மான் கிடைக்கவில்லை என்றாள். சுடுதளத்தில் அதே துப்பாக்கியால் சுட்டால் குண்டுகள் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. அப்படியானால் அன்றைக்கு மட்டும் என்ன?

இந்தக் கோடையில் அவளுக்கு ஒன்று உறைத்தது. நாணயத்துக்குள் அடங்கியவை எல்லாம் குழல் சூடான பிறகு போன இரண்டாவது, மூன்றாவது, நாலாவது குண்டுகள். முதலாவதை அவள் எண்ணியதே இல்லை. அவள் மட்டுமா, யாருமே எண்ணுவதில்லை. சும்மா வைக்கும் துப்பாக்கியின் குழலில் எண்ணெய் பூசி வைப்பார்கள். முதல் குண்டு அந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகும், எங்கேயாவது விழும். அதற்கு எண்ணெய்க் குண்டு என்று பேர். அதைத் தள்ளிவிட்டு, பிறகு வருவதை வைத்துத்தான் குறியைச் சரிசெய்வார்கள். மலையில் மானுக்குப் போவதோ முதல் குண்டுதான்.

ஜூன் கடைசியில் ஆரம்பித்தாள். பள்ளி விடுமுறை, பேருந்து ஓடவில்லை. குழலை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, தினம் ஒரே ஒரு குண்டு. சுட்டதும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். மறுநாள் அதே தாளில் அடுத்தது. மழையிலும் போனாள். குண்டுகள் சிதறி விழவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். சிதறினால், அன்றைக்கு எங்கே பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது.

சிதறவில்லை. இருபத்து நாலாம் நாள் தாளைக் கழற்றி மேசையில் விரித்தாள். இருபத்து நாலு ஓட்டைகளையும் ஒரு காபிக் கோப்பையின் வாய் மூடிவிடும். நடுவிலிருந்து ஏழு சென்டிமீட்டர் வலப்பக்கம், கொஞ்சம் கீழே. அந்த மெல்லிய குழல் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு முறையும் அங்கேதான் போடுகிறது. இருநூறு மீட்டரில் அது இரண்டு மடங்கு. மான் இடப்பக்கம் பார்த்து நின்றதால், வலப்பக்கம் என்பது வயிற்றுப் பக்கம்.

துப்பாக்கி சொன்னபடி செய்திருக்கிறது. சரியாகச் சொல்லாதவள் அவள்.

ஆகஸ்ட் பதினெட்டு, கடைசித் தேர்வு நாள். சுடுதளத்துக் குடில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'சோதனைக் குண்டு கிடையாது. முதல் குண்டும் எண்ணப்படும்.' முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சுட்டார்கள், தேறினார்கள், உள்ளே காபிக்கும் வாஃபிளுக்கும் போய்விட்டார்கள். கடைசியாக குட்மண்ட் வந்தான். கையில் புதுத் துப்பாக்கி. அவளுடையதைப் போலவே ஒன்று. வாய் நிறையக் கேலி பேசிவிட்டு அவனும் வாங்கிவிட்டான். முதுகு வலியாம்.

அவன் படுத்து ஐந்தும் சுட்டான். நாலு குண்டு நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குள். முதலாவது வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி, வயிற்றில்.

"நாலும் முத்து மாதிரி," என்று எழுந்தான். "மொதல்ல போனது எண்ணெய்க் குண்டு. கையெழுத்தப் போடு, வாஃபிள் ஆறிடும்."

"போட முடியாது."

"ஏய், விளையாடாத."

"மொதக் குண்டும் எண்ணணும். கதவுல எழுதியிருக்கேன்ல."

"கதவுல எவன் படிப்பான்? இருபது வருஷமா இந்த மண்ணுல படுத்துச் சுடுறேன். நாளைக் கழிச்சு சீசன். என்னையா நிறுத்துற?"

"நிறுத்தல. குழல் ஆறட்டும், இருபது நிமிஷம். குறிய மாத்திட்டுத் திரும்பச் சுடு."

"வாத்தியாரம்மா சொன்னா கேக்கணும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். துப்பாக்கியைச் சட்டத்தில் சாய்த்து வைத்தான். குழலுக்கு மேலே சூட்டில் காற்று நெளிந்தது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

இந்த இருபது நிமிஷத்தைச் சும்மா விட்டால் இன்னொரு மூன்று வருஷம் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இது என் துப்பாக்கி. ஆறின குழல்ல, தினம் ஒண்ணா இருபத்து நாலு நாள்."

அவன் தாளைப் பார்த்தான். ஓட்டைகளின் மேல் கட்டைவிரலை வைத்தான். "எல்லாம் ஒரே இடத்துல. நல்ல துப்பாக்கிதான். குறிதான் தப்பு."

"ஆமா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏரிக்கு மேல தவறிடுச்சுன்னு சொன்னேனே. தவறல, குட்மண்ட். முதுகை வளைச்சுது. பார்த்தேன்."

குடிலுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. குட்மண்டின் விரல் தாளிலிருந்து நகரவில்லை. தாளைப் பார்த்தபடியே கேட்டான்:

"எந்தப் பக்கம் போச்சு?"

மானைச் சுட்டால் முதல் பத்து நிமிஷத்தில் கேட்கவேண்டிய கேள்வி. அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மந்தை மேல ஏறுச்சு. அது பிரிஞ்சு கீழ, ஏரிப் பக்கம் போச்சு. ரெண்டு பாறைக்கு நடுவுல. அதோட குட்டி கொஞ்ச நேரம் மந்தையப் பார்த்து நின்னுச்சு. அப்புறம் தாய் பின்னாடி போச்சு."

"பிரிஞ்சு போச்சு," என்று அவன் திருப்பிச் சொன்னான். அடிபட்ட மான்தான் மந்தையை விட்டுப் பிரியும். அது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. "ஆஸ்லாக்கோட நாய் அன்னைக்கு அரை மணி நடை தூரத்துல இருந்துச்சு."

"தெரியும்."

"அந்த ராத்திரி என்கூட உக்காந்து சூப் குடிச்ச."

"குடிச்சேன்."

அவன் எழுந்து துப்பாக்கிக் குழலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. ஸ்கோப்பின் மூடியைத் திருகி எடுத்து, சின்ன நாணயத்தால் குறியை நகர்த்தினான். விரிப்பில் படுக்கப் போனவன் நின்றான்.

"நான் சுடுறத நீ பார்க்க வேண்டாம். ஆஸ்லாக்குக்கும் கையெழுத்துப் போடுற உரிமை இருக்கு. அவளைக் கூப்பிடு."

"குட்மண்ட்…"

"ஏன் கூப்பிடுறேன்னு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

தாளை மடித்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். குடில் வரைக்கும் நாற்பது அடி இருக்கும், சரளைக் கல் பாதை. கதவைத் திறந்ததும் காபி வாசனையும் பேச்சுச் சத்தமும் ஒன்றாக வந்தன. ஐந்து பேர் நீள மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஆஸ்லாக்கின் நாய் மேசைக்கு அடியில் படுத்து, வாஃபிள் துண்டு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கிழவன் தேறிட்டானா?" என்றாள் ஆஸ்லாக். "வா, உக்காரு. ஜாம் தீரப் போகுது."

நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஹால்டிஸ் உட்காரவில்லை. தாளை மேசை நடுவில் விரித்து, சுருண்ட முனைகளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்லாக்," என்றாள், "மூணு வருஷத்துக்கு முன்னாடி உன் நாயை நான் கூப்பிட்டிருக்கணும்."