ஆற்றை நோக்கி ஓடிய காலை

நேற்றுப் பகலில் கொல்லிமலையில் பெய்த மழையில், நான் நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்தின் பின்னால் ஓடை இரைந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்க வந்த செல்லம்மாள் சொன்னார்: "பயப்படாதீங்க கண்ணு. இங்க தண்ணி நிக்காதுங்க, கீழ ஓடிப்போயிருமுங்க."

நான் பிறந்தது கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலுள்ள சிறு தீவில். சாப்பாட்டுத் தட்டு போன்ற நிலம். வண்டல் படிந்து ஆற்றோரம் மேடாக இருக்கும், நடுவே பள்ளம். கரை அரிக்கும் என்று வீடுகளை நடுவில்தான் கட்டியிருந்தார்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஒரு காலையில் முற்றத்து நண்டு வளைகளிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கொப்பளித்து வந்தது. அப்பா படகோடு அக்கரையில் இருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு இரையும் திசையிலேயே ஓடினாள்.

"அங்க ஆறும்மா, வேணாம்மா" என்று கதறினேன். என்னை ஆற்றில் தள்ளத்தான் இழுத்துப்போகிறாள் என்று நினைத்து, அவள் கையைக் கடித்தேன். அவள் விடவில்லை.

கரைமேடு ஒரு மாட்டுவண்டி அகலம்தான் இருந்தது. ஒரு பக்கம் செந்நிற ஆறு, மறுபக்கம் எங்கள் வீட்டை விழுங்கிக்கொண்டிருந்த வெள்ளம். அப்பாவின் படகு வந்தபோது வீட்டின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

நேற்று மழை விட்டதும் அம்மாவுக்குப் போன் செய்து, ஆற்றுப் பக்கம்தான் ஓட வேண்டும் என்று அன்று எப்படித் தெரிந்தது என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"வெள்ளம் வந்தா கரைக்கு ஓடுன்னு உங்கப்பா சொல்லியிருந்தாரு" என்றாள். பிறகு, "ஆனா ஓடுறப்ப எனக்கே நம்பிக்கை இல்லடி" என்றாள்.